டுல்லாவின் டப்ளின்காரன்

என் தங்கை மாரீட் கல்யாணம் செய்துகொண்ட ஆளுக்கு எங்கள் ஊரில் பெயர் கிடையாது. பாதிரியார் என்னவோ கிறிஸ்டி கியோ என்று பெயர் சொல்லித்தான் மணம் முடித்து வைத்தார். சர்ச் வாசலைத் தாண்டியதும் அந்தப் பெயர் அங்கேயே நின்றுவிட்டது. டுல்லாவில் அவன் டப்ளின்காரன். இறைச்சிக் கடையிலும் அதுதான், பப்பிலும் அதுதான். இருபத்தாறு வருஷமாக அவன் எங்கள் ஊரில் கார்ப்பெட் போடுகிறான். ஊரில் பாதி வீட்டுத் தரை அவன் முட்டி போட்டுத் தவழ்ந்த தரை. அப்படியும் போன மாதம் ஒரு கிழவி என் கடையில் உட்கார்ந்துகொண்டு, "உன் தங்கச்சி வீட்டுக்காரர் டப்ளினுக்குத் திரும்பிப் போயிடலையே, இன்னும் இருக்காரா?" என்று கேட்கிறாள். அவள் படுக்கையறைத் தரையை அவன்தான் போன வசந்தத்தில் போட்டுக் கொடுத்தான்.

நான் பெர்னி. கடைத்தெருவில் முடி வெட்டும் கடை வைத்திருக்கிறேன். எனக்கு வாய் நீளம் என்பார்கள். நாள் முழுக்கக் கத்தரிக்கோல் ஓடுகிறது, வாயும் கூடவே ஓடுகிறது, நான் என்ன செய்ய?

கிறிஸ்டி வந்தது ஒரு வாரத்துக்கு. என்னிஸ் நகரத்து ஹோட்டல் ஒன்றில் மாடிப்படிக்கெல்லாம் கார்ப்பெட் மாற்ற டப்ளினிலிருந்து ஆள் அனுப்பினார்கள். அந்த ஹோட்டல் வரவேற்பு மேசையில் என் தங்கை உட்கார்ந்திருந்தாள். படி வேலை முடிந்தது, மேசை வேலை முடியவில்லை. அடுத்த வருஷம் கல்யாணம்.

அன்றிலிருந்து அவனுக்கும் ஊருக்கும் ஒரே விளையாட்டு. அவனைப் பார்த்தால் டப்ளினைப் பற்றிக் கேட்க வேண்டும், அவன் டப்ளினைத் தூக்கி வைத்துப் பேச வேண்டும், உடனே எல்லாரும் அவனைக் கேலியில் போட்டு மிதிக்க வேண்டும்.

"என்னப்பா டப்ளின்காரா, உங்க ஊர்ல இப்படி மழை பெய்யுமா?"

"எங்க ஊர்ல மழைகூட டிக்கெட் வாங்கிட்டு வரிசைல வரும். உங்க ஊர் மழைக்குத்தான் வளர்ப்பு சரியில்ல."

எங்கள் கிளேர் மாவட்ட அணி, மட்டையும் பந்துமாக ஹர்லிங் ஆடுகிற ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரே மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு நிற்கும்போது இவன் மட்டும் டப்ளினின் வெளிர்நீலச் சட்டையில் பப்புக்குள் நுழைவான். கூச்சல் கூரையைப் பிய்க்கும். அதற்காகவே எல்லாரும் காத்திருப்பார்கள்.

வீட்டிலும் இதே கதைதான். டப்ளின்காரர்கள் காடில் என்று ஒன்று சமைப்பார்கள். சாசேஜையும் பன்றி இறைச்சியையும் உருளைக்கிழங்கோடு சேர்த்து, வறுக்காமல் வதக்காமல், வெறும் தண்ணீரில் வேகவைப்பது. குளத்தில் முங்கின விரல் மாதிரி வெளுத்துப்போய் மிதக்கும். புருஷனுக்கு ஊர் ஏக்கம் வந்துவிடக் கூடாது என்று மாரீட் மாதத்தின் முதல் சனிக்கிழமை தவறாமல் அதைச் செய்வாள். கிறிஸ்டி தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "எங்கம்மா கைப்பக்குவம் அப்படியே இருக்கு" என்பான். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு கரண்டி சாப்பிடுவோம்.

அவர்களுக்கு ஒரே பெண். நெசா. உயரம் அப்பாவுடையது, பிடிவாதம் எங்கள் வீட்டுடையது. ஆனால் யாரிடமும் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல மாட்டாள். அது எங்கள் மண்ணின் வியாதி. இங்கே ஒருவர் டீ வேண்டுமா என்று கேட்டால், தொண்டை வறண்டு கிடந்தாலும் வேண்டாம் என்போம். அவர்களும் விடாமல் கேட்டு ஊற்றிக் கொடுப்பார்கள், கொடுக்க அவர்களுக்கு இஷ்டம் இருக்காது. இப்படியே இரண்டு பேரும் குடித்து முடிப்போம்.

நெசாவுக்கு சிவில் இன்ஜினியரிங் படிக்க வேண்டும். பாலம், அணை, ரோடு என்று அலைகிற பெண். அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எங்கே படிப்பது என்பதில்தான் சிக்கல் வந்தது. லிமெரிக் பல்கலைக்கழகம் எங்களுக்குக் கூப்பிடு தூரம். அவளோடு பந்து விளையாடுகிற பெண்கள் பாதிப் பேர் அங்கேதான் போகிறார்கள். காலையில் போய்விட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். அவளுக்கு அதுதான் வேண்டும். ஆனால் டப்ளினிலும் ஒரு பெரிய பல்கலைக்கழகம் இருக்கிறதே. அப்பாவின் ஊர். அப்பா பதினெட்டு வருஷமாகக் காதில் ஓதின ஊர்.

எங்கள் நாட்டில் கல்லூரிக்கு ஒரே விண்ணப்பம்தான். எது முதலில் வேண்டும், எது இரண்டாவது என்று வரிசை போட்டுக் கொடுக்க வேண்டும். பரீட்சையில் வாங்கிய புள்ளி முதலாவதற்கு எட்டிவிட்டால் அதைத்தான் கொடுப்பார்கள். அந்த நிமிஷமே கீழே இருப்பதெல்லாம் செத்துப்போகும். எனக்கு முதலாவது வேண்டாம், இரண்டாவதைக் கொடு என்று அழுது புரண்டாலும் கிடைக்காது. இது பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூட இங்கே தெரியும்.

வரிசையை மாற்றக் கடைசி நாள் நெருங்கிய சமயம், ஒரு மத்தியானம் மாரீட் தலையில் சாயத்தோடு என் கடையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் நெசா, கையில் போன்.

"எதடீ முதல்ல போட்டிருக்க?" என்றேன்.

"டப்ளின்."

"உனக்கு லிமெரிக்தானே வேணும்?"

"லிமெரிக்தான் கிடைக்கும் பெரியம்மா. டப்ளினுக்குப் போன வருஷம் கேட்ட புள்ளியப் பாத்தியா? மாதிரிப் பரீட்சைல நான் அதுக்குக் கிட்டகூட வரல. முதல்ல போட்டா அப்பாவுக்கு சந்தோஷம். கிடைக்கலைன்னா யார் மேலயும் வருத்தம் இல்ல. என் பொண்ணு முயற்சி பண்ணினான்னு ஊர் பூரா சொல்லிக்கலாம்."

மாரீட் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். "நல்லதுதானே பெர்னி. அவர் மனசு குளிரும். நமக்கு என்ன நஷ்டம்?"

பெரிய ராஜதந்திரம் பண்ணிவிட்டதாக மூன்று பேரும் சிரித்தோம். அன்று சாயங்காலம் நெசா அப்பாவிடம் சொன்னாள். அவன் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தானாம். பிறகு, "அடி சக்கை, ரத்தம் சும்மா விடுமா" என்று மகளைத் தட்டிக்கொடுத்தானாம். மாரீட் வந்து சொன்னாள், அவர் கண் கலங்கிடுச்சு என்று. சந்தோஷக் கண்ணீர் என்றுதான் நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

ஜூன் மாதம் பரீட்சை. பரீட்சை என்றால் வெயில் அடிக்கும், அது இந்த நாட்டில் எழுதாத சட்டம். வருஷம் முழுக்க ஒளிந்திருந்த சூரியன் பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்த பிறகு வந்து பல்லைக் காட்டும். நெசா கணக்குப் பரீட்சை எழுதிவிட்டு வந்து, "நல்லா எழுதினேன், பயமா இருக்கு" என்றாள். அப்போது எனக்கு அது புரியவில்லை.

ஆகஸ்டில் புள்ளிகள் வந்தன. கணக்கு அவளை எங்கேயோ தூக்கிக் கொண்டுபோய் வைத்துவிட்டது. அந்த வருஷம் டப்ளின் கேட்ட புள்ளியும் கொஞ்சம் இறங்கியிருந்தது. இடம் கிடைத்த செய்தி வந்தபோது நான் ஒரு கல்யாணப் பெண்ணுக்குக் கொண்டை போட்டுக்கொண்டிருந்தேன். நெசா கடைக்குள் வந்தாள், நேரே பின்பக்கம் துண்டு உலர்த்துகிற அறைக்குப் போனாள். கொண்டையைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்ப் பார்த்தால், துண்டுக் குவியலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுகிறாள்.

"டப்ளின் குடுத்துட்டாங்க பெரியம்மா. லிமெரிக் போச்சு."

ஊரில் மற்ற பிள்ளைகள் கிடைக்கவில்லை என்று அழுதுகொண்டிருந்த நேரத்தில், எங்கள் பெண் கிடைத்துவிட்டது என்று அழுதாள்.

கொண்டையை முடித்துவிட்டு அவளோடு போனால் கிறிஸ்டி வீட்டு மாடி ஜன்னலில் வெளிர்நீலக் கொடி தொங்குகிறது. போகிற வருகிறவன் எல்லாம் ஹார்ன் அடித்துவிட்டுப் போகிறான். கிறிஸ்டி வாசலில் நின்று கையாட்டிக்கொண்டிருக்கிறான். மாரீட் சமையலறையில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "யாரும் அவர்கிட்ட எதுவும் சொல்லக் கூடாது. பாவம், எத்தனை வருஷ ஆசை. நெசா போய்ட்டு வரட்டும். பழகிடும்." நெசாவும் தலையாட்டினாள். மறுத்துவிட்டு ஒரு வருஷம் வீட்டில் இருந்து திரும்ப விண்ணப்பிக்கலாம்தான். ஆனால் அதை எந்த வாயால் அவனிடம் சொல்வது?

சரி என்று பதில் அனுப்பச் சில நாள்தான் அவகாசம். அதற்குள் தங்க இடம் பார்த்தாக வேண்டும். டப்ளினில் கல்லூரி இடம் கிடைப்பதைவிட அறை கிடைப்பது கஷ்டம். கிறிஸ்டியின் அக்கா வழியாக ஒரு வீடு தெரியவந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு குடும்பத்தோடு தங்கிச் சாப்பிட்டுக்கொள்ளலாம், சனி ஞாயிறு ஊருக்குப் போய்விட வேண்டும். மாரீடுக்கு ஹோட்டலில் சுற்றுலாக் கூட்டம், நகர முடியவில்லை. எனக்குத் திங்கட்கிழமை கடை லீவு. ஆகவே கிறிஸ்டியின் கார்ப்பெட் வேனில் முன் சீட்டில் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்து கிளம்பினோம். மடியில் ஹாம் சாண்ட்விச் பொட்டலம். நடுவில் நெசா, வாயே திறக்கவில்லை.

அவள் திறக்காததையெல்லாம் சேர்த்து அவன் பேசினான். டப்ளின் எல்லை வந்ததிலிருந்து ஓயவில்லை. "இங்கதான் நான் வேலைக்குச் சேர்ந்த கிடங்கு இருந்துது. இந்த மூலைல ஒரு பேக்கரி, வாசனையே தூக்கும்." நாங்கள் எட்டிப் பார்த்தால் கிடங்கு இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம், பேக்கரி இருந்த இடத்தில் போன் கடை. அவன் பிறந்த கப்ரா பக்கம் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினான். பிறகு ஆற்றைக் கடந்து தெற்குப் பக்கம் வந்ததும் வழி தப்பிவிட்டது. ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் நுழைந்து, டிராம் வண்டி மணியடித்துத் திட்டுகிறது. கடைசியில் நெசாதான் போனைப் பார்த்து, "இடது பக்கம்பா... இல்லப்பா, அடுத்த இடது" என்று வழிகாட்டிக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். பல்கலைக்கழகத்தின் கேட் வழியாகவும் போனோம். "பாரு, எவ்வளவு பெருசு பாரு" என்றான். அவள் "ம்" என்றாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது அப்பாவின் முகத்தை.

வீட்டுக்காரம்மா பெயர் மிசஸ் டெவிட். நல்ல மாதிரி. அறை சின்னது, சுத்தமாக இருந்தது. எங்களுக்கு டீ போட்டாள். நாங்கள் மூன்று தடவை வேண்டாம் என்று சொல்வதற்குள் அவள் முதல் தடவையிலேயே கெட்டிலை வைத்துவிட்டாள். கிறிஸ்டி தரையைப் பார்த்து, கார்ப்பெட் ஓரம் தூக்கியிருக்கிறது, இரண்டு ஆணி அடித்தால் சரியாகிவிடும் என்றான். அவள் சிரித்தபடி அவனைப் பார்த்தாள்.

"நீங்க கிளேர்ல எந்தப் பக்கம்?"

"நான் கிளேர் இல்லம்மா. டப்ளின். கப்ரா."

"சும்மா சொல்லாதீங்க. என் வீட்டுக்காரரே கிளேர்தான். அந்தப் பேச்சு இழுவை எனக்குத் தெரியாதா?"

"இல்லம்மா, நிஜமாவே கப்ராதான்."

"சரி சரி, கப்ரான்னே வச்சுக்குவோம்" என்று அவள் எனக்குக் கண்ணடித்தாள்.

நான் விட்டிருப்பேனா? வேறு நாளாயிருந்தால் இதை வைத்து ஒரு வருஷம் ஓட்டியிருப்பேன். ஆனால் அவன் முகத்தைப் பார்த்தேன், வாயை மூடிக்கொண்டேன். அறையை வியாழக்கிழமை வரை பிடித்து வைப்பதாக மிசஸ் டெவிட் சொன்னாள். கிளம்பிவிட்டோம்.

நெடுஞ்சாலையில் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் பேசவில்லை. எனக்கு அமைதி ஒத்துக்கொள்ளாது. பாதி வழியில் டீக்கு நிறுத்துகிற இடம் வந்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னேன். பிளாஸ்டிக் மேசையில் மூன்று டீ, ஒரு கோழி ரொட்டி. ரொட்டியை யாரும் தொடவில்லை.

"என்ன கிறிஸ்டி, ஏன் இப்படி உம்முனு வர?" என்றேன். "அந்தம்மா ஏதோ சொல்லிட்டாங்கன்னா விடு. கேட்டது கிடைச்சாச்சு. பொண்ணு டப்ளினுக்குப் போறா. இன்னும் என்ன வேணும் உனக்கு?"

"யாரு கேட்டா?" என்றான்.

"என்னது?"

"டப்ளின் வேணும்னு யாரு கேட்டா? நான் கேட்டனா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இருபத்தாறு வருஷமா வேற என்ன பேசின நீ? டப்ளின் மழை, டப்ளின் ரொட்டி, டப்ளின் தண்ணி. காது புளிச்சுப் போச்சு எங்களுக்கு."

"பின்ன என்ன பேசச் சொல்ற?" அவன் குரல் உயரவில்லை. "நான் வந்த நாள்லேருந்து உங்க ஊர்ல என்கிட்ட அத ஒண்ணத்தானே கேக்கறீங்க. கறி வாங்கப் போனா அது, சர்ச் வாசல்ல அது. எங்கப்பாவ அடக்கம் பண்ணிட்டு வந்து நிக்கறேன், அப்பவும் ஒருத்தன், டப்ளின்ல கூட்டம் எப்படின்றான். நான் டப்ளினப் பத்திப் பேசலேன்னா என்கிட்ட பேச ஆளே இல்ல பெர்னி. டப்ளின் வேணும்னா எனக்கு ரயில் கிடைக்காதா? எனக்கு இந்த ஊர் வேணும்னுதானே இங்க இருக்கேன்."

நெசா தலையைத் தூக்கினாள். "அப்போ நான் டப்ளின முதல்ல போட்டேன்னு சொன்னப்ப நீ ஏம்பா ஒண்ணும் சொல்லல?"

"நீ லிமெரிக் போடுவேன்னு நினைச்சிருந்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்துருவேன்னு நினைச்சிருந்தேன். திடீர்னு டப்ளின்னு வந்து நிக்கற. ஓ, இவளுக்கு நம்மள விட்டுப் போகணும் போலருக்கு, நடுவுல நிக்கக் கூடாதுன்னு நினைச்சேன். கொடிய எங்கடா வச்சோம்னு தேடி எடுத்துக் கட்டினேன்."

"எனக்குக் கிடைக்காதுன்னுதாம்பா முதல்ல போட்டேன்." அவள் அவன் பக்கம் திரும்பினாள். "உன் சந்தோஷத்துக்கு. எனக்கும் லிமெரிக்தான் வேணும்னு இருந்துது."

அப்பனுக்கும் மகளுக்கும் ஒன்றுதான் வேண்டியிருந்தது. ஒருத்தருக்கொருத்தர் நல்லது செய்கிறேன் என்று அதைத் தொலைத்துவிட்டு வந்து நிற்கிறார்கள். எனக்கு அவர்கள் இரண்டு பேரையும் சேர்த்து அறையலாம் போல இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

அப்புறம் ஒன்று தோன்றிக் கேட்டேன். "அப்போ அந்தக் காடில்?"

அவன் என்னைப் பார்த்தான். "எனக்குச் சின்ன வயசுலேருந்தே பிடிக்காது. மாரீட் ஆசையா செய்யறா. எப்படிச் சொல்றது?"

நெசாவுக்கு மூக்கு வழியாக டீ வந்துவிட்டது. சிரித்தோம், வயிறு வலிக்கிற வரைக்கும். அவன்கூடச் சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் மகளின் கையைப் பிடித்தான்.

"ஒரு வருஷம்தானே. இது வேணாம்னு எழுதிப் போட்டுரு. வீட்ல இரு, என்கூட வேலைக்கு வா. அடுத்த தடவை லிமெரிக் ஒண்ண மட்டும் எழுது. நீ வீட்லேருந்து போய்ட்டு வர்றதுதான் எனக்கு வேணும். சொல்லிட்டேன், போதுமா?"

அவன் வாழ்க்கையில் இது வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னதை நான் அன்றுதான் கேட்டேன். முடிந்தது விஷயம் என்று நினைத்து நான் கோழி ரொட்டியைக் கையில் எடுத்தேன். நெசா கப்பைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்தாள்.

"வண்டியத் திருப்புப்பா."

"எங்க?"

"டப்ளினுக்கு. நான் அந்த இடத்த இன்னும் பாக்கவேயில்ல. காலைலேருந்து உன் மூஞ்சியத்தான் பாத்துட்டிருந்தேன். வேணாம்னு சொல்றதா இருந்தாலும் பாத்துட்டுச் சொல்றேன்."

எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, மறுநாள் காலையில் எனக்கு முதல் ஆள் சாயத்துக்கு வருகிறாள். ஆனால் கிறிஸ்டி பேசாமல் சாவியை எடுத்துவிட்டான்.

பல்கலைக்கழக வாசலில் வேனை நிறுத்தினோம். வெயில் இன்னும் இருந்தது. அவன் இறங்கப் போனான். "நீ வேணாம்பா. நான் மட்டும்" என்றாள். முகத்துக்கு நேராக வேணாம் என்று சொன்னாள். அவன் கதவை மறுபடி சாத்திக்கொண்டான். அவள் பைகூட எடுக்காமல் மரங்களுக்கு நடுவே நடந்து போய் மறைந்தாள்.

நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே கிடந்தோம். கிறிஸ்டி ஸ்டீயரிங்கில் கை வைத்தபடியே இருந்தான், வண்டி ஓடுகிற மாதிரி.

"நான் எனக்கு வேணுங்கறதச் சொல்லிருக்கக் கூடாதோ பெர்னி?"

"ஏன்?"

"இப்ப அவ எனக்காக லிமெரிக்னு சொல்லிட்டா?"

சாண்ட்விச்சைப் பிரித்து ஒன்று கொடுத்தேன். வேண்டாம் என்றான். நானும் இரண்டாவது தடவை கேட்கவில்லை, நானே தின்றேன்.

அவள் வெகுநேரம் கழித்து வந்தாள். நடையில் அவசரம் இல்லை. நான் இறங்கி வழி விட்டேன், ஏறி நடுவில் உட்கார்ந்தாள். ஷூவில் புல் ஒட்டியிருந்தது.

"உள்ள ஒரு பட்டறை இருக்குப்பா. ஜன்னல் வழியா பாத்தேன். போன வருஷத்துப் பசங்க செஞ்ச பாலம் ஒண்ணு, மேசை நீளத்துக்கு, ஒடச்சுப் போட்டு வச்சிருக்காங்க. எவ்வளவு பாரம் தாங்கும்னு பாக்க ஒடச்சிருக்காங்க. அப்பறம் ஒரு குளம். அங்க உக்காந்திருந்தேன். ரெண்டு பேர் வந்து பேசினாங்க. என்ன படிக்கப் போறன்னு கேட்டாங்க. யாருமே நீ யார் வீட்டுப் பொண்ணுன்னு கேக்கல."

அவள் குனிந்து ஷூவிலிருந்த புல்லைத் தட்டிவிட்டாள்.

"டுல்லால நான் பொறந்ததுலேருந்து டப்ளின்காரன் பொண்ணு. பந்தடிச்சா டப்ளின்காரன் பொண்ணு அடிச்சா, கீழ விழுந்தா டப்ளின்காரன் பொண்ணு விழுந்தா. இங்க நான் யாருமே இல்லப்பா. எனக்கு அது பிடிச்சிருக்கு." அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். "நான் இங்க வரேன். உனக்காக இல்ல. நீ வேணாம்னு சொன்னதுக்கப்பறமும் வரேன்."

அவன் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி" என்றான்.

"கோபமாப்பா?"

"கோபம் இல்ல. கஷ்டமா இருக்கு." பிறகு, "நீ நேராச் சொன்ன. அது நல்லாருக்கு. ஆனா கஷ்டமாத்தான் இருக்கு" என்றான்.

அவள் அவன் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அவன் கியரை மாற்றும்போதெல்லாம் அவள் தலை ஆடியது, எடுக்கவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினேன். வீடு வரும் வரை அவன் டப்ளினைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் ஊர் சர்ச் கோபுரம் தெரிந்ததும், "அப்பாடா" என்றான், அவ்வளவுதான்.

மாரீடிடம் எல்லாவற்றையும் சொன்னோம். பல்கலைக்கழகக் கதையைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். காடில் கதைக்கு வந்ததும் பாத்திரத்தைத் தூக்கித் தொட்டியில் போட்டாள். "எனக்கு அந்த நாத்தமே ஆகாது. இருபத்தாறு வருஷமா மூக்கைப் பொத்திக்கிட்டுச் செஞ்சேன் மனுஷா" என்றாள். இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

நெசா செப்டம்பரில் போனாள். வெள்ளிக்கிழமைதோறும் டப்ளின் பஸ் என்னிஸ் நிலையத்துக்கு வரும்போது கிறிஸ்டியின் வேன் அங்கே நிற்கும். அழுக்குத் துணி மூட்டையோடு அவள் இறங்குவாள். முதல் மாதம் அவளுக்கு அங்கே ஒன்றும் சுலபமாக இல்லை. அழுதாள் என்று எனக்குத் தெரியும், அப்பாவிடமும் சொன்னாள், மறைக்கவில்லை. அவன் கேட்டுக்கொண்டான், வந்துவிடு என்று சொல்லவில்லை. கணக்கும் பாலமுமாக மெல்ல ஒட்டிக்கொண்டாள்.

போன சனிக்கிழமை காலை கிறிஸ்டி இறைச்சிக் கடை வரிசையில் நின்றான், நான் அவனுக்குப் பின்னால். கடைக்காரர் டெகி பன்றித் துண்டத்தை நறுக்கிக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டார். "என்ன, டப்ளின்காரி வந்துட்டாளா?"

"நேத்து வந்தா" என்றான் இவன்.

"எப்படி இருக்காம் அங்க? மழையெல்லாம் எப்படி?"

"அவகிட்டத்தான் கேக்கணும். எனக்கென்ன தெரியும்?"

டெகி பொட்டலத்தைக் கட்டி நீட்டினார். "இந்தா கிறிஸ்டி. தோட்டத்துக்கு உரம் கேட்டியே, மத்தியானம் வந்து எடுத்துக்க."

அந்தக் கடையில் அந்தப் பெயரை நான் அதுவரை கேட்டதே இல்லை. அவன் பொட்டலத்தை வாங்கவில்லை. டெகியைப் பார்த்துக்கொண்டு நின்றான். பின்னால் வரிசை நீண்டது. டெகி, "என்னப்பா, காது கேக்கலையா? கிறிஸ்டி" என்றார்.

"கேட்டுச்சு" என்று வாங்கிக்கொண்டு, எனக்குக்கூட வழி விடாமல் அவசரமாக வெளியே போனான். நான் கறி வாங்கிக்கொண்டு வந்தபோது வேனுக்குள் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, "வீட்டுக்குப் போலாமா கிறிஸ்டி?" என்றேன்.